ஆவணப்படத்தில் விழித்திருக்கிறேன், கதைப்படத்தில் தூங்கிவிடுகிறேன்

மாலைக்காட்சி:

நான் விமர்சகன் இல்லை. வேலை முடிந்து வந்து, விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கிற ஆள். நட்சத்திரப் படங்கள் சலித்துப்போனதால் கொஞ்ச நாளாகச் சுயாதீனப் படங்கள், ஆவணப்படங்கள் பக்கம் ஒதுங்கியிருக்கிறேன். ஆறு படங்கள் பார்த்தேன். மூன்று ஆவணப்படம், மூன்று கதைப்படம். ஆவணப்படங்கள் மூன்றிலும் கொட்டக்கொட்ட விழித்திருந்தேன். கதைப்படங்களில் இரண்டில் தூங்கிப்போனேன்.

ஆவணப்படங்களை முதலில் சொல்கிறேன். 'ஹனிலேண்ட்' வடமாசிடோனியாவில் ஆள் நடமாட்டமே இல்லாத மலைக் கிராமம் ஒன்றில் தேன் எடுத்துப் பிழைக்கும் ஹதிஜே என்ற பெண்ணைப் பற்றியது. பாதி எனக்கு, பாதி உங்களுக்கு என்று தேனீக்களிடமே சொல்லிவிட்டுத்தான் தேனை எடுக்கிறார். பக்கத்தில் வந்து குடியேறுகிற ஒரு பெரிய குடும்பம் அந்தக் கணக்கை மீறுகிறது. கதை அவ்வளவுதான். கொலைக் கதை பார்ப்பதுபோலப் பதைத்துக்கொண்டு பார்த்தேன். 'ஆல் தட் பிரீத்ஸ்' டில்லியில் அடிபட்டு விழும் பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கும் சகோதரர்களின் படம். ஒரு காட்சியில் ஒரு பருந்து பாய்ந்து வந்து, அவர்களுடைய உதவியாளரின் மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போய்விடுகிறது. கதாசிரியர் யாராவது இதை எழுதியிருந்தால் மிகை என்று அடித்திருப்பார்கள். '20 டேஸ் இன் மரியுபோல்', 2022இல் முற்றுகையில் சிக்கிய உக்ரைன் நகரத்தில் கடைசியாக எஞ்சியிருந்த வெளிநாட்டு ஊடகச் செய்தியாளர்கள் எடுத்தது. அதுவும் மிக நன்றாக இருந்தது.

கதைப்படங்கள்: 'கூழாங்கல்', 'கொட்டுக்காளி', 'பெர்ஃபெக்ட் டேஸ்'. முதலாவதில் ஓர் அப்பாவும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள். இரண்டாவதில் ஒரு குடும்பம் ஆட்டோவில் போகிறது. மூன்றாவதில் ஒருவர் கழிவறைகளைச் சுத்தம் செய்கிறார், மறுநாளும் செய்கிறார். மூன்றின் சுவரொட்டிகளிலும் விருது விழாக்களின் இலை வளையங்களுக்குப் பஞ்சமில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆவணப்படத்தில் அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்று கேமரா பிடித்தவருக்கே தெரியாது. அந்தப் பதற்றம் என்னையும் தொற்றிக்கொள்கிறது. கதைப்படத்தில் இயக்குநருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் வேண்டுமென்றே கொடுக்காமல் வைத்துக்கொள்கிறார். பசிக்கிறது என்று சொன்னால், உனக்கு ரசனை இல்லை என்கிறார்கள். "பொறுமை வேண்டும்" என்று மட்டும் யாரும் வந்து எழுதாதீர்கள். அதைச் சொல்வதற்கு முன்பே பொறுமையோடு உட்கார்ந்துதான் தூங்கினேன்.

அரைத்தூக்கம்:

வழிமொழிகிறேன். நான் 'பெர்ஃபெக்ட் டேஸ்' படத்தில் இரண்டு முறை தூங்கி, இரண்டு முறை விழித்தேன். இரண்டு முறையும் அவர் அதே கழிவறையில்தான் இருந்தார். எதையும் தவறவிட்டதாகத் தெரியவில்லை.

நிழல்வெளி:

மாலைக்காட்சி அவர்களே, "பொறுமை வேண்டும்" என்று எழுத மாட்டேன். உங்கள் வாதத்திலேயே ஓர் ஓட்டை இருக்கிறது, அதை மட்டும் காட்டுகிறேன்.

'ஆல் தட் பிரீத்ஸ்' உங்களை விழிக்க வைத்தது என்கிறீர்கள். அந்தப் படம் எப்படித் தொடங்குகிறது? இரவு, குப்பைமேடு, எலிகள். கேமரா தரையை ஒட்டி மெல்ல, மிக மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. 'கூழாங்கல்' படத்தில் எந்த நடையும் அதைவிட மெதுவாக இல்லை. நீங்கள் அதைப் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், அதன் நெற்றியில் 'ஆவணப்படம்' என்று எழுதியிருக்கிறது. ஆக, மெதுவான படம் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. பெயர்ப் பலகைதான் பிரச்சினை.

'கூழாங்கல்' வெறும் நடை என்கிறீர்கள். அப்பன் குடித்துவிட்டு, கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மனைவியை இழுத்துவரப் பள்ளிக்கூடத்திலிருந்து பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறான். திரும்பி வருவதற்கான பஸ் காசைப் பையன் கிழித்துப்போடுகிறான். அதனால்தான் அந்த நடை. தாகம் தெரியாமல் இருக்க வழியில் ஒரு கூழாங்கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான். வீடு திரும்பியதும் அந்தக் கல்லை ஓரிடத்தில் கொண்டுபோய் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே கற்கள் குவிந்து கிடக்கின்றன. இந்த நடை இன்று முதல் முறை இல்லை என்று ஒரு வசனமும் இல்லாமல் தெரிந்துவிடுகிறது. நீங்கள் சொல்லும் 'பசி'க்கு அங்கே ஒரு விருந்து இருக்கிறது. அந்த நேரம் நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள் போலும், அல்லது கையில் தொலைபேசி இருந்தது.

மாலைக்காட்சி:

தொலைபேசி கையில் இருந்தது உண்மைதான். மறைக்கவில்லை. ஆனால் கற்குவியலைப் பார்த்தேன். அந்தப் படத்தில் எனக்கு மறக்காமல் நிற்கிற இடமே அதுதான். அதனால்தான் ஆத்திரம். 75 நிமிடப் படத்தில் அந்த ஒரு குவியலுக்காக நான் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? இருபது நிமிடக் குறும்படமாக எடுத்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

'கொட்டுக்காளி'யில் தூங்கவில்லை, அதையும் பதிவுசெய்துகொள்ளுங்கள். (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) வேறொருவனை விரும்பியதால் பேய் பிடித்துவிட்டது என்று ஒரு பெண்ணைக் கோடாங்கியிடம் அழைத்துப் போகிறார்கள். அவள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் கட்டிக்கொள்ளவிருக்கும் பாண்டி அங்கே இன்னொரு பெண்ணுக்கு நடக்கும் 'வைத்தியத்தை'ப் பார்க்கிறான். முகம் மாறுகிறது. என்ன முடிவெடுப்பான் என்று நான் நாற்காலி நுனிக்கு வருகிறேன். படம் முடிந்துவிட்டது! கேள்வியை என் மடியில் போட்டுவிட்டு இயக்குநர் எழுந்து போய்விட்டார். விடை தெரியாமலா எடுத்தார்? தெரிந்துகொண்டே சொல்லாமல் விட்டதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

கத்தரிக்கோல்:

பல நாளாக வெறும் வாசகனாக இருந்தேன். இந்த ஒரு வரிக்காக உள்ளே வருகிறேன்: "அடுத்த நிமிடம் என்ன நடக்கும் என்று கேமரா பிடித்தவருக்கே தெரியாது."

கேமரா பிடித்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம். படத்தொகுப்பு மேசையில் இருப்பவனுக்கு நன்றாகத் தெரியும். ஆவணப்படங்களைத் தொகுப்பது என் பிழைப்பு, அந்த உரிமையில் சொல்கிறேன். நீங்கள் பதைத்துப் பதைத்துப் பார்த்த 'ஹனிலேண்ட்' மூன்று ஆண்டுகள் படம்பிடிக்கப்பட்டது. கையில் இருந்தது 400 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பதிவு. திரையில் நீங்கள் பார்த்தது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஒரு நிமிடத்துக்காகக் கிட்டத்தட்ட 270 நிமிடங்களைத் தூக்கிப்போட்டிருக்கிறார்கள். இன்னொன்று: ஹதிஜே பேசுவது பழைய துருக்கிய வட்டார மொழி. இயக்குநர்களுக்கு அது புரியாது. அதனால் பேச்சை ஒதுக்கிவிட்டு, முதலில் காட்சிகளை மட்டும் வைத்துத்தான் படத்தைக் கோத்தார்கள். அண்டை வீட்டுக்காரர் வருவது, ஆசை கூடுவது, தேனீக்கள் சாவது என்று நீங்கள் உணர்ந்த அந்தக் கதையோட்டம் தானாக வந்து விழுந்தது என்றா நினைக்கிறீர்கள்?

என் அனுபவம் ஒன்று. ஒரு படத்தில் ஒரு முதியவர். வெளியூரில் இருக்கும் மகளிடமிருந்து தகவலே இல்லை என்பது அவருடைய கதை. பேட்டிக்கு நடுவில் கேமராவின் பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது. மாற்றி முடிக்கும் நேரத்தில் பதிவு தொடங்கிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு வினாடி. அந்தப் பதினொரு வினாடியை எடுத்து, மகளைப் பற்றி அவர் பேசி முடித்த இடத்தில் வைத்தேன். திரையிட்டபோது அரங்கில் விம்மல் கேட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரியாக இருந்தது.

ஆகவே, ஆவணப்படத்தில் யாரும் உங்களுக்கு எதையும் 'கொடுக்காமல் வைத்துக்கொள்வது' இல்லை என்று எண்ணாதீர்கள். நாள் முழுவதும் நான் செய்வதே அதுதான்.

மாலைக்காட்சி:

என்னை இதற்கு முன் யாரும் இவ்வளவு மரியாதையாக ஏமாளி என்று சொன்னதில்லை.

அந்த முதியவரிடம் சொன்னீர்களா?

நிழல்வெளி:

கத்தரிக்கோல் அவர்களுக்கு நன்றி. இதைத்தான் வேறு சொற்களில் சொல்ல வந்தேன். முதல் பெரிய ஆவணப்படம் என்று எல்லோரும் காட்டுகிற 'நானூக் ஆஃப் த நார்த்' 1922இல் வந்தது. நாயகனின் உண்மைப் பெயரே நானூக் இல்லை. அப்போதே துப்பாக்கியால் வேட்டையாடிக்கொண்டிருந்தவர்களைப் பழைய முறையில் ஈட்டியால் வேட்டையாடச் சொன்னார்கள். பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று பாதி வீட்டை மட்டும் கட்டி, அந்தத் திறந்த பக்கத்திலிருந்து படம்பிடித்தார்கள். குடும்பம் குளிரில் 'உறங்கியது'. நூறாண்டுக்கும் மேலான பழக்கம் இது. மாலைக்காட்சி நம்பிய அந்த 'நிஜம்' பிறக்கும்போதே ஒரு பக்கம் சுவர் இல்லாமல்தான் பிறந்தது. இனி கதைப்படத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

கத்தரிக்கோல்:

நிழல்வெளி அவர்களே, என்னை உங்கள் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளாதீர்கள். நான் அவ்வளவு தூரம் வரவில்லை.

ஜன்னலைப் பார்க்கும் அந்த முகத்தை நான் இடம் மாற்றலாம். ஆனால் அவர் பார்க்காத பார்வையை என்னால் உண்டாக்க முடியாது. மேசையில் உட்கார்ந்து, "இந்த இடத்தில் அவர் கொஞ்சம் சிரித்திருந்தால் நன்றாக இருக்கும்" என்று தோன்றும். சிரித்த பதிவு இல்லை. அவ்வளவுதான், முடிந்தது. கதைப்படக்காரர் நடிகரை மறுபடி கூப்பிட்டு எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அந்தக் கதவு இல்லை. இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டிய அந்த நெருக்கடி படத்துக்குள் எங்கோ இறங்கிவிடுகிறது. மாலைக்காட்சி உணர்ந்த பதற்றம் பொய் என்று நான் சொல்லவில்லை. காரணத்தைத்தான் தவறாகச் சொன்னார்.

மாலைக்காட்சியின் கேள்விக்குப் பதில்: சொன்னேன். திரையிடல் முடிந்து அவரிடமே போய், அந்த இடம் உண்மையில் பேட்டரி மாற்றியபோது எடுத்தது என்றேன். "அப்போதும் அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். அது உண்மையா, என்னைத் தேற்றுவதற்குச் சொன்னாரா, இன்றுவரை பிடிபடவில்லை.

அரைத்தூக்கம்:

இதையே ஒரு படமாக எடுத்தால் தூங்காமல் பார்ப்பேன்.

ஒலித்தடம்:

எல்லோரும் படத்தைப் 'பார்ப்பது' பற்றியே பேசுகிறீர்கள். 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது என்பதை யாரும் குறிப்பிடவில்லை. ஆட்டோவின் இரைச்சல், சேவலின் சத்தம், காற்று, அவ்வளவுதான். பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறான். கத்திக் கத்தியே குரல் போன ஓர் ஆண், பேசுவதில்லை என்று முடிவெடுத்துவிட்ட ஒரு பெண். இந்த இரண்டு மௌனங்களும் வேறு வேறு என்பது காதில்தான் தெரியும். அவன் கரகரத்த குரலில் வெடிக்கும்போது அதன் கீழே இசை ஓடியிருந்தால், நாம் எப்படி உணர வேண்டும் என்பதை இசையமைப்பாளர் முடிவு செய்திருப்பார். இங்கே அதை நாமே செய்ய வேண்டியிருக்கிறது. அது வேலைதான், மறுக்கவில்லை.

தொலைக்காட்சிப் பெட்டியின் சின்ன ஒலிபெருக்கியில், ஒலியைக் குறைத்து வைத்து, மின்விசிறி ஓட இந்தப் படத்தைப் பார்த்தால் பாதிப் படத்தைத்தான் பார்க்கிறீர்கள். தூக்கம் வராமல் என்ன செய்யும்?

அரைத்தூக்கம்:

ஆக, கருவி வாங்க வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், தொலைபேசியை அடுத்த அறையில் வைக்க வேண்டும், வியர்வை ஒழுக உட்கார வேண்டும். படம் பார்ப்பதற்கா, தவம் இருப்பதற்கா?

மாலைக்காட்சி:

ஒலித்தடம் சொன்ன அந்த இரண்டு மௌனங்கள் பற்றிய செய்தி எனக்குப் புதிது. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு சின்ன எதிர்க்கேள்வி: பார்வையாளன் இவ்வளவு ஆயத்தத்தோடு வர வேண்டும் என்றால், படம் எனக்காக என்ன ஆயத்தம் செய்தது? 'ஹனிலேண்ட்' படத்தையும் நான் அதே பெட்டியில், அதே மின்விசிறிக்குக் கீழேதான் பார்த்தேன்.

மூன்றாம்வரிசை:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மாலைக்காட்சியிடம் ஒரே கேள்வி. 'ஃப்ளோ' பார்த்தீர்களா? லாட்வியாவிலிருந்து வந்த இயங்குபடம் (அனிமேஷன்). இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் என்ற மென்பொருளில் செய்தது. 85 நிமிடம். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. விலங்குகள் விலங்குகளாகவே ஒலியெழுப்புகின்றன. வெள்ளத்தில் ஒரு பூனை, ஒரு படகு, அதில் வந்து சேரும் நான்கைந்து பிராணிகள். வெள்ளம் ஏன் வந்தது, மனிதர்கள் எங்கே போனார்கள், எதையும் சொல்வதில்லை. 2025இல் பெரிய நிறுவனங்களின் படங்களை ஓரங்கட்டி ஆஸ்கர் வாங்கியது. உங்கள் கணக்குப்படி இயக்குநர் 'கொடுக்காமல் வைத்துக்கொண்ட' படம்தான். முழுக்க முழுக்கக் கற்பனை வேறு. தூங்கினீர்களா?

மாலைக்காட்சி:

பார்த்தேன். தூங்கவில்லை. பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம், அதைக் குழந்தைகள் படம் என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன். சரி, மாட்டிக்கொண்டேன்.

ஆனால் ஏன் தூங்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. பூனைக்கு நீந்தத் தெரியுமா என்ற கவலை எனக்கு இருந்துகொண்டே இருக்கிறது. வெள்ளம் ஏன் வந்தது என்று கேட்க நேரமில்லை. அந்த இயக்குநர் பெரிய கேள்வியை மறைத்தார். சின்னக் கேள்விகளுக்கெல்லாம் உடனுக்குடன் பதில் கொடுத்துக்கொண்டே வந்தார். 'பெர்ஃபெக்ட் டேஸ்' படத்தில் எனக்குச் சின்னக் கேள்விகூட எழவில்லை. நாளைக்கும் எழுவார், செடிக்குத் தண்ணீர் தெளிப்பார், வண்டியில் பாட்டுப் போடுவார். தெரிந்ததுதானே?

ஆக, முதல் நாள் எழுதிய வாக்கியத்தைத் திருத்துகிறேன். ஆவணப்படம், கதைப்படம் என்று பிரித்தது தவறு. வேறு எங்கோ கோடு போட வேண்டும். எங்கே என்று இன்னும் தெரியவில்லை.

இரண்டாம்பார்வை:

'பெர்ஃபெக்ட் டேஸ்' பற்றி யாரும் சொல்லாத ஒன்று. அந்தப் படத்தின் பிறப்பே, பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்களைக் கொண்டு டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் பொதுக் கழிவறைகள் கட்டிய ஒரு திட்டத்திலிருந்து வந்தது. அவற்றைப் பற்றிச் சிறு படங்கள் எடுக்கத்தான் இயக்குநர் விம் வெண்டர்ஸை அழைத்தார்கள். அவர் அதை முழுநீளக் கதையாக்கினார். கதாநாயகனாக நடித்த கோஜி யகுஷோவுக்கு 2023இல் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. நடிப்பு பிரமாதம், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கழிவறைகளைக் கவனியுங்கள். ஒன்றில்கூட நாம் முகம் சுளிக்கும்படி எதுவும் இல்லை. கழிவறை கழுவும் ஒரு தொழிலாளியின் வாழ்க்கையில் மலம் எங்கே? நாற்றம் எங்கே? சுத்தமான வறுமை, நல்ல பாட்டு, மர நிழல். உழைப்பை இவ்வளவு அழகாக்கினால் அது யாருக்கு ஆறுதல்? நிழல்வெளி பதில் சொல்லட்டும்.

நிழல்வெளி:

சங்கடமான கேள்வி. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

எனக்கு அந்தப் படம் பிடிக்கும். காரணம், அவர் வேலை செய்யும் விதம். யாரும் பார்க்காத அடிப்பக்கத்தைக்கூடக் கண்ணாடி வைத்துப் பார்த்துத் துடைக்கிறார். நாலாவது முறை அதைப் பார்க்கும்போது அது வெறும் வேலையாகத் தெரிவதில்லை. அவருக்குத் தன் வாழ்க்கையைக் கையில் பிடித்து நிறுத்த இருக்கும் ஒரே பிடிமானமாகத் தெரிகிறது. தங்கை காரில் வந்து போகும் காட்சியில், இந்த எளிமை பிறப்பால் வந்த வறுமை இல்லை, எதையோ விட்டு வந்த ஒருவரின் தேர்வு என்று புரிகிறது.

ஆனால் அங்கேதான் இரண்டாம்பார்வை சொன்னது உறைக்கிறது. தேர்ந்தெடுத்துக் கழிவறை கழுவுகிறவர் எத்தனை பேர்? அந்தத் தொழிலில் இருக்கிற ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்தால் என்னைப் போல உருகுவாரா என்று கேட்டுப் பார்த்தேன். ஆம் என்று சொல்ல வாய் வரவில்லை. படம் பிடிக்கும் என்பதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. முன்போல மார்தட்டிச் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்.

கேள்விக்குறி:

மாலைக்காட்சி, முதல் பதிவில் '20 டேஸ் இன் மரியுபோல்' பற்றி ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள்: "அதுவும் மிக நன்றாக இருந்தது." எனக்கு அந்த வாக்கியம் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. குண்டு விழுந்த மகப்பேறு மருத்துவமனையிலிருந்து கர்ப்பிணிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். காப்பாற்ற முடியாத குழந்தைக்கு முன்னால் நிற்கும் மருத்துவர், படம்பிடியுங்கள், புட்டினுக்குக் காட்டுங்கள் என்கிறார். இதில் எது 'நன்றாக' இருந்தது? அதன் இயக்குநர் ம்ஸ்தீஸ்லாவ் செர்னோவ் 2024இல் ஆஸ்கரைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் படத்தை எடுக்க வேண்டிய நிலையே வராமல் இருந்திருக்கலாம் என்ற பொருளில்தான் பேசினார். எடுத்தவருக்கே அப்படி. ஓய்வு நேரத்தில், விளக்கை அணைத்துவிட்டு, தேன் படத்தோடும் பருந்துப் படத்தோடும் வரிசையில் வைத்து "விழித்திருந்தேன்" என்று மதிப்பெண் போடுவது சரியா?

மாலைக்காட்சி:

இரண்டு முறை பதில் எழுதி அழித்தேன்.

'நன்றாக' என்றது தவறான சொல். வேறு சொல் கிடைக்காத சோம்பேறித்தனம். உண்மையைச் சொன்னால், பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துபோய் நின்றேன். திரும்பி வந்து முடித்தேன். விழித்திருந்தேன் என்று எழுதியது அதைத்தான்.

ஆனால் உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அப்படிப்பட்ட படத்தைப் பற்றிப் பேசவே கூடாதா? அந்த மருத்துவர் காட்டுங்கள் என்றுதானே சொன்னார்? நான் பார்த்தேன். பார்த்ததை நாலு பேரிடம் சொன்னேன். சொன்ன விதம் மோசம், ஒப்புக்கொள்கிறேன்.

கத்தரிக்கோல்:

கேள்விக்குறி கேட்டதில் பாதிதான் நியாயம் என்று படுகிறது. செர்னோவ் தன் குரலிலேயே, பதற்றமில்லாமல், நாள் ஒன்று, நாள் இரண்டு என்று எண்ணிக்கொண்டு போகிறார். எதை எங்கே வெட்டுவது, எந்த முகத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்று யாரோ உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். ஒரு வினாடி கூடினால் அந்தத் தாயின் அழுகை நமக்கு வேடிக்கையாகிவிடும். ஒரு வினாடி குறைந்தால் கண்ணைத் திருப்பிக்கொண்டதாகிவிடும். அதைச் சரியாகச் செய்திருக்கிறார்களா என்று பேசுவது அவமரியாதை இல்லை. அது அவர்கள் செய்த வேலைக்குக் கொடுக்கும் மரியாதை. நட்சத்திர மதிப்பெண் போட வேண்டாம். பேசலாம்.

கேள்விக்குறி:

பேசலாம். ஆனால் "தூங்கினேன், விழித்தேன்" என்ற அளவுகோலை அங்கே கொண்டுபோக வேண்டாம் என்பதில் நான் நிற்கிறேன்.

மாலைக்காட்சி:

சரி.

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்திருக்கிறேன். நிழல்வெளி நச்சரித்ததாலும், ஒலித்தடம் சொன்னதாலும் 'கூழாங்கல்' மறுபடி பார்த்தேன். காதொலிப்பானோடு, மின்விசிறி இல்லாமல், தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு. அரைத்தூக்கம் சிரிக்கட்டும்.

தூங்கவில்லை. ஆனால் ரசித்தேன் என்றும் சொல்ல மாட்டேன். பையன் கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து, முன்னால் போகும் அப்பாவின் முதுகில் அடிக்கிறான். முதல் முறை அது விளையாட்டு என்று கடந்துபோனேன். இந்த முறை அவன் முகத்தைப் பார்த்தேன். அடிக்க முடியாதவன் வெயிலை வைத்து அடிக்கிறான். அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதன் பிறகு வரும் நடை வேறு நடையாகத் தெரிந்தது. எலி பிடித்துச் சுட்டுத் தின்னும் குடும்பத்தைப் படம் எந்தப் பரிதாபமும் காட்டாமல் காட்டியதும் பிடித்தது.

ஆனால் நடுவில் ஒரு பத்து நிமிடம் இன்னும் அதிகம்தான். இதில் மாற்றமில்லை. கடைசியில், மண்ணில் தோண்டிய குழியில் ஊறும் தண்ணீரைப் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்களே, அந்தக் காட்சியும் நீளம். புரிந்துவிட்ட பிறகும் ஓடுகிறது.

நிழல்வெளி:

நடுவில் பத்து நிமிடம் என்பதை விட்டுத் தருகிறேன், சண்டை வேண்டாம். கடைசிக் காட்சியைத் தர மாட்டேன். புரிந்துவிட்டது என்பது உங்களுக்கு. அந்தப் பெண்ணுக்குக் குடம் நிறைய வேண்டாமா?

கத்தரிக்கோல்:

தொழில் ஆர்வத்தில் கேட்கிறேன், மாலைக்காட்சி. கத்தரி உங்கள் கையில். அந்தக் கடைசிக் காட்சியை எங்கே வெட்டுவீர்கள்? பொதுவாக "நீளம்" என்று சொல்லக் கூடாது. எத்தனையாவது முறை மொண்டு ஊற்றும்போது?

மாலைக்காட்சி:

நேற்று இரவு அந்த இடத்தை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன். நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டேன். இப்போது வெட்டலாம் என்று தோன்றும்போதெல்லாம் தண்ணீர் குடத்துக்குப் போகிற வழியில் இருக்கும். பாதியில் வெட்டினால் சிந்திவிடும் போல இருந்தது. சரி, ஊற்றி முடிக்கட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் கை மறுபடி குழிக்குள் போய்விடுகிறது.

பெயர்கள் ஓடத் தொடங்கும்வரை அழுத்தவில்லை. நீளம்தான், இப்போதும் சொல்கிறேன்.

அரைத்தூக்கம்:

அடுத்த வாரம் எந்தப் படம்? தயவுசெய்து யாராவது ஓடுகிற படமாகச் சொல்லுங்கள். நடந்து நடந்து எனக்கும் கால் வலிக்கிறது.